இரண்டு கடை மாத்திரை

1

இந்தக் கதை எனக்கு ஒரு மருந்துக்கடையில் கிடைத்தது. இருமல் மருந்துக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் முகம் சட்டென்று வெளுத்தது. அந்த முகம் மட்டும்தான் நிஜம், மற்றதெல்லாம் என் கைச்சரக்கு. முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மாலை வெயில் மருந்துப் புட்டிகளின் மேல் சாய்ந்து...'

வேண்டாம். ஒரு மனிதனின் உயிர் ஊசலாடும்போது வெயிலுக்கு என்ன வேலை?

2

அவள் கணவர் பேருந்து ஓட்டுநர். ரத்தக்கொதிப்புக்கு வருஷக்கணக்காகத் தெருமுனைக் கடையில்தான் மாத்திரை. போன மாதம் நெஞ்சுவலி வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் புது மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதைத் தெருமுனையில் வாங்கவில்லை. கடைக்காரரின் தம்பிதான் பணிமனை மேலாளர். விஷயம் அவர் காதில் விழுந்தால் வண்டியை விட்டு இறக்கிவிடுவார்கள். அதனால் தள்ளிப்போய் வேறொரு கடை.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்டபோது இல்லையென்றார். பழைய மாத்திரை அவர் கணக்கில் மாத்திரையே இல்லை, பல் துலக்குவது மாதிரி.

(ஒரு வண்டி நிறைய ஜனத்தை ஏற்றிக்கொண்டு இப்படி ஒரு ரகசியமா என்று கேட்கிறீர்கள். நானும் கேட்டேன். அவர் என் பேச்சை எங்கே கேட்டார்!)

3

"தலைசுத்தலுக்கு ஒரு மாத்திரை குடுங்கண்ணே. அவரால எழுந்திரிக்கவே முடியல."

"வேற என்ன சாப்பிடுறார்?"

"நீங்க குடுக்கிறது மட்டும்தான்."

[இந்தப் பொய்யை அடித்துவிடப் பார்த்தேன். அடித்தால் அவள் அவளாக இருக்கமாட்டாள்.]

"பாரும்மா, அவர் சாப்பிடுறதே இதயத்துல வேலை செய்யற மாத்திரை. எல்லாம் தெரியாம நான் எதையும் தரமாட்டேன். இங்க சொல்றது என் தம்பி காதுக்குக்கூடப் போகாது."

அவள் பையைத் துழாவிப் புது அட்டையை எடுத்து வைத்தாள். கடைக்காரர் பழைய அட்டை ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பெயர் வேறு, கம்பெனி வேறு, நிறமும் வேறு. பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்த மருந்து ஒன்றே.

"ஐயையோ, ரெண்டும் ஒண்ணும்மா! துடிப்பைக் குறைக்கிறது. ரெண்டு பங்கா உள்ள போயிருக்கு. இன்னைக்கும் போட்டாரா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நானே... நானேதாண்ணே தண்ணி ஊத்திக் குடுத்தேன். அசந்து தூங்குறாரேன்னு கதவைச் சாத்திட்டு வந்தேன்."

எழுதுகிறவனுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று யார் சொன்னது? அவள் கதவைச் சாத்திவிட்டு வந்தது எனக்கு இந்த வரியில்தான் தெரிந்தது.

4

முடிவு ஒன்று: அவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்கிறார்.

முடிவு இரண்டு: அவர்

எழுத வரவில்லை.

கடைக்காரர் தன் போனில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறார். அவள் தன் போனில் கணவரைக் கூப்பிடுகிறாள். போன் அவர் தலையணைப் பக்கத்தில் இருக்கிறது. கண் திறந்தால் அவரே எடுப்பார். திறக்காவிட்டால் பக்கத்து அறையில் படித்துக்கொண்டிருக்கும் அவர்கள் மகள் ஓடிவந்து எடுக்க வேண்டும்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நின்றது. யாரோ எடுத்துவிட்டார்கள்.

"ஹலோ."

அதுவரை எழுதிவிட்டேன். யார் குரல் என்று என்னைக் கேட்காதீர்கள், என்னால் ஆகாது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். நீங்களாவது சீக்கிரம் சொல்லுங்கள்.