கட்சி மாறாதவள்

"உடம்புக்குள்ள இரும்பு ஏதாவது இருக்காம்மா? ராடு, பிளேட்டு, நெஞ்சுல வைக்கிற பேட்டரி?"

"எதுவும் இல்லைங்க," என்றாள் மகள்.

"இடுப்புலயும் இல்லையா? வயசானவங்களுக்குப் பெரும்பாலும் அங்கதான் இருக்கும். எரிக்கற இடத்துல கேப்பாங்க."

"நல்லா கேளுப்பா," என்றாள் பெரியம்மா, சக்கர நாற்காலியை வாசற்படியில் முட்டித் திருப்பிக்கொண்டே. "எங்க வீட்ல பொறந்துட்டு இரும்பு இல்லாமப் போறவ யாரு? என்னை எரிச்சா பழைய இரும்புக் கடைக்கே ஒரு மூட்டை தேறும்."

அமரர் ஊர்தி ஓட்டுநருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. முகத்தைத் துடைத்தபடி வெளியே போய் நின்றார்.

மகள் கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மாவைக் கழுத்துவரை போர்த்தியிருந்தார்கள். சமையலறைத் தரையில் கிடந்தவளை மாடி வீட்டுக்காரர்கள் தூக்கி வந்து படுக்க வைத்தார்கள். டாக்டர் வந்து, இதயம் நின்றுவிட்டது என்றார். யாரோ போர்வையை இழுத்துவிட்டார்கள். அதன் பிறகு மகள் அதைத் தொடவில்லை.

அம்மா பிறந்த வீட்டில் இடுப்பு முறிவு சொத்து மாதிரி ஒவ்வொருவருக்கும் வந்து சேர்ந்தது. அம்மாவின் அம்மாவுக்குக் குளியலறையில். பெரியம்மாவுக்குப் பேருந்துப் படியில். மாமாவுக்குச் செருப்பு மாட்டக் குனிந்தபோது. முன்பொருமுறை மகளுக்கு எலும்புப் பரிசோதனை செய்த டாக்டர் ஒரு தாளில் குடும்பத்தையே வரைந்தார்; பெண்களுக்கு வட்டம், ஆண்களுக்குக் கட்டம். முறிந்தவர்களுக்குள் பேனாவால் கறுப்படித்தார்.

"இது ஒரே ஒரு மரபணுவோட வேலை இல்ல. சின்னச் சின்னதா நிறைய சேர்ந்து எலும்பை மெலிசாக்குது. அம்மாவுக்கும் மெலிசுதான், உங்களுக்கும் மெலிசுதான். பெத்தவங்களுக்கு முறிஞ்சிருந்தா பிள்ளைங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதான் எல்லார்கிட்டயும் அதைக் கேப்போம்." பேனா அம்மாவின் வட்டத்துக்கு மேல் நின்றது.

"அவசரப்பட்டுக் கறுப்படிச்சுடாதீங்க டாக்டர்," என்றாள் அம்மா. "அந்த இடம் காலியாவே இருக்கட்டும்."

அன்றே மகள் சைக்கிளை விற்றாள். சொந்த வீட்டுக்குள்ளேயே சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கத் தொடங்கினாள். அம்மா மட்டும் மாறவில்லை. சினிமா தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டும் வேலையில் காலம் முழுக்க இருந்தவள். வெளிச்சம் எப்போதும் அடுத்தவர் காலடியில் விழும். அவள் கால்கள் இருட்டிலேயே படியிறங்கிப் பழகியவை. படத்தில் கடலோ பனியோ வரும்போது அவள் அதற்குள் இறங்கிப்போவது போலிருக்கும்.

"என்னடி, எங்க கட்சிக்கு எப்ப வரப்போற?" என்று பெரியம்மா தொலைபேசியில் சீண்டுவாள்.

"உங்க கட்சில நிக்க இடமில்லையே. எல்லாரும் உக்காந்துல்ல இருக்கீங்க."

இப்போது பெரியம்மா குரலைத் தாழ்த்தினாள். "கீழ கிடந்தாளாமே?"

"ஆமா பெரியம்மா."

"அப்ப முறிஞ்சிருக்கும்டி."

"டாக்டர் இதயம்னு சொன்னாரு."

"நின்னது இதயந்தான். அவ விழுந்ததைத்தான் நான் கேக்கறேன். முறிஞ்ச கால் குட்டையாயி வெளிப்பக்கம் சாஞ்சுடும். என்னோடது எப்படிக் கிடந்துச்சுன்னு நீதான் பாத்தியே."

பார்த்திருந்தாள். ஆஸ்பத்திரி மேசையில் பெரியம்மாவின் பாதம் மட்டும் வேறு யாருடையதோ போலச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து கண்ணுக்குள் நின்றது அதுதான். போர்வையைத் தொடாததும் அதனால்தான்.

"எனக்கு பயமா இருக்கு பெரியம்மா."

"எனக்கு மட்டும் என்ன? எடு."

அவள் ஒரு கையால் கட்டிலைப் பிடித்தபடி மறு கையால் போர்வையை விலக்கினாள்.

இரண்டு பாதங்களும் விரித்து வைத்த புத்தகம் போல, இருபுறமும் ஒரே அளவு சாய்ந்திருந்தன. பெரியம்மா நாற்காலியை உருட்டி வந்தாள். குதிகால்களைச் சேர்த்து வைத்து, மட்டம் பார்க்கும் கொத்தனாரைப் போல ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அடியில் உள்ளங்கையைக் கொடுத்துத் தடவினாள். இன்னொரு முறை தடவினாள்.

"இம்மிகூட வித்தியாசமில்ல."

நாற்காலியின் கைப்பிடியில் ஓங்கி அறைந்தாள்.

"ஜெயிச்சுட்டாடி! திருட்டுக் கழுதை, கடைசிவரைக்கும் எங்க பக்கம் வராமலே போயிட்டா!"

ஓட்டுநர் பதறி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இரும்பு இல்லப்பா! ஒரு ஆணிகூட இல்ல. அங்க போய் சத்தமா சொல்லு."

அழுகையும் சிரிப்பும் ஒரே மூச்சில் வந்து பெரியம்மாவுக்குப் புரையேறியது. மகள் குனிந்து அவள் தலையைத் தட்டினாள். தன் கை கட்டில் விளிம்பை எப்போது விட்டது என்று அவளுக்கே தெரியவில்லை. அறை நடுவில், எதையும் பிடிக்காமல் நின்றிருந்தாள்.

பெரியம்மா சக்கரங்களைப் பூட்டினாள். கால்பலகையை மடக்கி, ஒருபக்கம் உயரம் கூட்டித் தைத்த செருப்பைத் தரையில் ஊன்றினாள். இரண்டு கைகளையும் மகளை நோக்கி நீட்டினாள்.

"வா இங்க. என்னைத் தூக்கி நிறுத்து. இவளை நான் உக்காந்துக்கிட்டு அனுப்ப மாட்டேன்."