ஈச்சங்கழனியைப் பற்றி ஒரு கேள்வி

மேல்சபை உறுப்பினர் அப்பாதுரைக்கு நூறு வேண்டியிருந்தது. ஏக்கரில் நூறை அவர் எப்போதோ தாண்டிவிட்டார். இப்போது வேண்டியது நூறு கேள்விகள்.

விஷயம் இதுதான். அறுபத்துமூன்றாம் வருஷத்துக் கோடை. அடுத்த வருஷம் அவருடைய ஆறு வருஷப் பதவிக்காலம் முடிகிறது. அவர் சபைக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தபோது, விழுப்புரத்தில் ஒரு கூட்டத்தில் எதிராளி ஒருத்தர் மைக்கைப் பிடித்து, "நம்ம எம்.எல்.சி. கோட்டையில வாயைத் தொறந்தது கொட்டாவி விடத்தான்" என்று சொல்ல, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அதே வாரம் திண்டிவனத்தில் அவர் வீட்டு முன்னறைக்கு ஒரு டைப்ரைட்டர் வந்தது. அதன் முன்னால் உட்கார தேவசகாயம் வந்தான்.

தேவசகாயத்துக்கு முப்பது வயசு. ஈச்சங்கழனி சேரியில் பிறந்து, பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் படித்து, தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் டைப் அடிக்கத் தெரிந்தவன். காலையில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு கேள்விகள் தயாரிப்பான். மயிலம் ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில் ஏன் விளக்கு இல்லை? தாலுகாவில் தூர்ந்துபோன ஏரிகள் எத்தனை? அப்பாதுரை ஒரு கேள்வியையும் படிக்க மாட்டார். வெற்றுப் படிவங்களில் மொத்தமாகக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார்.

ஓட்டுப் போடுவதற்கு டைப்ரைட்டர்கூடத் தேவைப்படவில்லை. சபையில் மணி அடித்தால் கட்சிக் கொறடா கையைத் தூக்குவார். இவர் எழுந்து நிற்பார். இதுவரை இருபத்திரண்டு ஓட்டு. இருபத்திரண்டும் கொறடா கை காட்டிய பக்கம்.

"எத்தினி ஆச்சு சகாயம்?"

"தொண்ணூத்தாறுங்க ஐயா."

"இன்னும் நாலு. ஜல்தியா முடி."

தேவசகாயம் மென்று விழுங்கினான். "எங்க ஊரப் பத்தி ஒண்ணு போடலாமுங்களா ஐயா?"

"அட, போட்டுக்கப்பா. உங்க ஊரு எங்க ஊருன்னு என்னா இருக்குது?"

அவ்வளவு சுலபமாக முடியும் என்று அவன் கனவிலும் நினைக்கவில்லை.

ஈச்சங்கழனி மந்தைவெளிப் புறம்போக்கு மேட்டில் ஒன்பது குடிசைகள். இருபத்தேழு வருஷமாக இருக்கின்றன, பட்டா கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர் சீனுவாசனுக்கு அந்த மேட்டின்மேல் கண். அங்கே மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, காயப்போட ஒரு களம் போட வேண்டும். ஒன்பதில் ஒரு குடிசை, தேவசகாயத்தின் அக்கா சவுரியம்மாளுடையது. அம்மா செத்ததும் தம்பியை அந்தக் குடிசையில் வைத்துத்தான் வளர்த்தாள். கல்யாணமாகி வந்த புருஷனும் அங்கேதான் கண்ணை மூடினான். அவள் களை எடுத்த கூலியில்தான் தேவசகாயம் எஸ்.எஸ்.எல்.சி. படித்தது.

பொதுவாகக் கேட்டால் பொதுவாகப் பதில் வரும் என்பது அவனுக்கு அத்துப்படி. அதனால் பேரும் நம்பரும் போட்டு அடித்தான்.

'(அ) திண்டிவனம் தாலுகா ஈச்சங்கழனி கிராமம் சர்வே எண் 118/2-இல் சவுரியம்மாள் உள்ளிட்ட ஒன்பது குடும்பத்தினர் பட்டா இன்றி வசித்து வருவது அரசுக்குத் தெரியுமா? (ஆ) ஆமெனில், அவர்களுக்கு மனைப்பட்டா வழங்கும் உத்தேசம் உண்டா?'

ஞாயிற்றுக்கிழமை கிளியனூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வெயிலில் நடந்தே ஊருக்குப் போனான். அக்கா கேப்பைக் கூழை ஊற்றி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"சீனுவாசன் காகிதத்தை நீட்டிக்கினு வர்றாண்டா. மேட்டைக் காலி பண்றோம்னு ரேகை வெச்சா, ஏரிக்கு அந்தாண்ட பள்ளத்துல எடம் தர்றானாம். மத்த எட்டுப் பேரும் வெச்சிடலாம்னு சொல்றாங்க. மழை பேஞ்சா முட்டிவரைக்கும் தண்ணி நிக்கும். ஆனா எடம்தானே?"

"வெக்காதேக்கா. கேள்வி போயிருக்குது. மந்திரி எழுந்து நின்னு பதில் சொல்லியாவணும்."

"மந்திரியா? எனக்கா?" சவுரியம்மாள் சிரித்துவிட்டாள். "என் பேரு அவரு வாயில வருமா?"

"வரும்."

"பாத்துடா, பல்லு கில்லு சுளுக்கிக்கப் போவுது."

அந்த வாரம் எட்டுப் பேர் ரேகை வைத்தார்கள். எட்டுக் குடிசையும் பிரிந்து பள்ளத்துக்குப் போயின. தம்பி பேச்சை நம்பிச் சவுரியம்மாள் மட்டும் மேட்டிலேயே இருந்தாள்.

கோட்டைக்குப் போன கேள்வி அங்கேயே குந்திக்கொண்டிருக்காது. பதில் வேண்டுமே! கோட்டையிலிருந்து கடலூர் கலெக்டருக்கு வந்தது. கலெக்டர் ஆபீசிலிருந்து திண்டிவனம் தாசில்தாருக்கு. தாசில்தாரிடமிருந்து ஈச்சங்கழனிக் கர்ணத்துக்கு. கர்ணம் அதை வாங்கிய சூட்டோடு சீனுவாசனிடம் கொண்டுபோய்க் காட்டினார்.

மறுநாள் பதினொரு மணிக்கு அப்பாதுரை வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது.

"மாமா, நான் உங்களுக்கு என்னா கெடுதல் பண்ணேன்?"

"வாப்பா சீனு. வெயில்ல வந்திருக்கிறே, மோர் குடி."

"மோரு கெடக்கட்டும். இது நீங்க கேட்ட கேள்வியா?"

அப்பாதுரை கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, தன்னுடைய கேள்வியை முதல் தடவையாகப் படித்தார். "அடடே, நம்பர் போட்டு வந்துடுச்சே! இதோட தொண்ணூத்தேழு."

"மாமா! அடுத்த வருஷம் உங்களுக்கு ஓட்டுப் போடப் போறது யாரு? நாங்க. அந்தப் பொம்பளை இல்ல. பதினெட்டுத் தலைவருங்க என் பேச்சைக் கேப்பாங்க, தெரியுமில்ல?"

அது நிஜம். அப்பாதுரையின் மேல்சபை இடத்துக்கு ஊர் ஜனங்கள் ஓட்டுப் போடுவதில்லை. பஞ்சாயத்துத் தலைவர்கள், நகராட்சி உறுப்பினர்கள் மாதிரி ஆட்கள்தான் போடுவார்கள்.

முன்னறையில் டைப்ரைட்டர் சத்தம் நின்றது. தேவசகாயம் காதைத் தீட்டிக்கொண்டான். போச்சு. வாபஸ் வாங்கப் போகிறார்.

"வாபஸ் வாங்கினா எண்ணிக்கை கொறையும்," என்றார் அப்பாதுரை. "கேள்வி நிக்கட்டும். பதிலை எழுதி அனுப்பறது உங்க கர்ணம்தானே?"

"ஆமா."

"ஒண்ணு சொல்றேன், நல்லாக் கேட்டுக்க. சபையில பொய் சொல்லக் கூடாது. மந்திரி சொன்னது பொய்னு நாளைக்கு எவனாவது கெளப்புனா பெரிய பேஜாரு. பதில்ல ஒரு எழுத்து பொய்யா இருக்கக் கூடாது. புரியுதா?"

சீனுவாசன் கேள்விக் காகிதத்தைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் வைத்தான். பிறகு, "புரியுது மாமா," என்றான். மோரை வாங்கி அடிவரைக்கும் குடித்தான். போகும்போது முன்னறையை எட்டிப் பார்த்துச் சிரித்தான். "என்னா சகாயம், சௌக்கியமா?"

தேவசகாயத்துக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. இந்த மனுஷனைப் போயா சந்தேகப்பட்டோம்! பதினெட்டு ஓட்டைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, பொய் சொல்லாதே என்றல்லவா சொல்லிவிட்டார்! அன்றைக்கே ஊர் மாதா கோயில் உபதேசியார் பேருக்கு ஒரு கார்டு எழுதிப் போட்டான். 'அக்காவுக்குப் படித்துக் காட்டவும். பயப்பட வேண்டாம். சபையில் பொய் சொல்ல முடியாது. ஐயாவே சொல்லிவிட்டார்.'

வியாழக்கிழமை உபதேசியார் கார்டைப் படித்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை, சவுரியம்மாள் களை எடுக்கப் போயிருந்த நேரத்தில் ஆறு ஆட்கள் வந்தார்கள். பனையோலைக் கூரை, மண் சுவர். இடிக்க எவ்வளவு நேரம் ஆகிவிடப் போகிறது? இடித்துத் தள்ளி, மண்ணைப் பரப்பி, அதன்மேல் இரண்டு சால் ஏரும் ஓட்டிவிட்டார்கள். கர்ணம் அதுவரைக்கும் புளியமர நிழலில் காத்திருந்தார். பிறகு எழுந்து வந்து, சுற்றிப் பார்த்து, கண்ணால் கண்டதை ஒரு எழுத்துப் பொய் இல்லாமல் எழுதிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து உபதேசியார் திண்டிவனத்துக்கே வந்து சொன்னார். தேவசகாயம் ஓடினான். உழுத மண்ணில் அடுப்புக் கல் ஒன்று மட்டும் கிடந்தது. ரேகை வைக்காதவளுக்குப் பள்ளத்திலும் இடம் கிடையாது என்று சீனுவாசன் சொல்லிவிட்டானாம். மல்லாட்டை உடைக்கிற வேலைக்கு விழுப்புரம் போன பெண்களோடு சவுரியம்மாளும் போய்விட்டாள்.

"ஐயா, எங்க அக்கா வூட்ட இடிச்சிட்டாங்க."

"அடப் பாவமே!" அப்பாதுரையின் முகம் நிஜமாகவே வாடியது. அவர் கொடுமைக்காரர் அல்ல. எதையும் கடைசிவரைக்கும் யோசித்துப் பார்க்கிற பழக்கம் இல்லாதவர், அவ்வளவுதான். "பிரிச்சி எடுத்துக்கினு போன்னு சொல்வான்னு நெனைச்சேன். இடிச்சே புட்டானா?"

அந்த ஒரு வாக்கியத்தில் தேவசகாயத்துக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. மோர் குடிக்கிற நேரத்தில் சீனுவாசனுக்குப் புரிந்தது தனக்கு ஏன் புரியாமல் போயிற்று? கார்டு எழுதினேனே, கார்டு!

ஆனாலும் விடவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தில் துணைக் கேள்வி ஒன்றை அடித்துக் கொடுத்தான். மந்திரி பதில் சொன்னதும், விவரம் போதாது என்றால் உறுப்பினர் எழுந்து மேற்கொண்டு ஒன்று கேட்கலாம். 'அந்த இடத்தில் இருந்த குடிசைகள் எந்தத் தேதியில், யாரால் அகற்றப்பட்டன?'

"இது ஒண்ணை மட்டும் கேட்டுடுங்க ஐயா. உங்க கால்ல விழறேன்."

"சீ, எந்திரி. பாக்கறேன்." காகிதத்தை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டு ரயில் ஏறினார்.

சபை நடவடிக்கைகள் அச்சாகித் தபாலில் வர ஒரு மாசம் ஆனது. தேவசகாயம் நின்றபடியே உறையைக் கிழித்தான்.

'(அ) இல்லை. மேற்படி சர்வே எண்ணில் சவுரியம்மாள் என்பவரோ வேறு எவருமோ வசிக்கவில்லை. (ஆ) இக்கேள்வி எழவில்லை.'

அதற்குக் கீழே: 'திரு. அப்பாதுரை: கிளியனூர் சாலைக்குத் தார் போடும் உத்தேசம் உண்டா? தலைவர்: அது இந்தக் கேள்வியில் அடங்காது. (சிரிப்பு.)'

நாலு பக்கம் தள்ளி இன்னொன்று இருந்தது. புறம்போக்கில் குடியிருப்பவர்களை அகற்றுமுன் மூன்று மாச அவகாசம் தர வேண்டும் என்று எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் ஒரு மசோதாவுக்குத் திருத்தம் கொண்டுவந்திருந்தார். மணி அடித்திருக்கிறது. எழுந்து நின்றிருக்கிறார்கள். ஆதரவு பதினான்கு, எதிர்ப்பு முப்பத்தொன்று. எதிர்த்தவர்களின் பேரை அகர வரிசையில் போட்டிருந்தார்கள். முதல் பேர் அப்பாதுரை.

மார்கழியில் நூறும் நிறைந்தது. 'மேல்சபையில் ஆறாண்டுப் பணி' என்று ஒரு புத்தகம் போட்டு ஓட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்ப ஏற்பாடு. அச்சு விழுப்புரத்தில், தேவநாதன் என்பவரின் பிரஸ்ஸில். புரூஃப் பார்க்க தேவசகாயம் போனான். யாரும் கேட்காமலேயே கடைசியில் ஒரு பக்கத்தைத் தானாகச் சேர்த்தான். அந்தத் திருத்தத்தை ஒரு வார்த்தை விடாமல் போட்டு, அதற்கு எதிராக எழுந்து நின்றவர் அப்பாதுரை என்று போட்டான். வேலை போகட்டும். ஊர் பார்க்கட்டும்.

புரூஃப் திண்டிவனத்துக்குப் போன மறுநாள் பிரஸ்ஸுக்கு டிரங்க் கால் வந்தது. தேவநாதன் டெலிபோனை வைத்துவிட்டு வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"யோவ் சகாயம், ஐயா உன்னை ஆஹா ஓஹோன்னு புகழ்றாருய்யா! கடைசிப் பக்கத்தை எடுத்து மொதல் பக்கமா, கொட்டை எழுத்துல போடணுமாம். தலைவருங்க ஒவ்வொருத்தருக்கும் எதாவது ஒரு புறம்போக்கு மேல கண்ணு இருக்குமில்ல? அத்தப் பாத்தாலே ஓட்டுப் போட்டுடுவாங்களாம். இது தனக்குத் தோணலியே, சகாயத்துக்குத்தான் மூளைன்னாரு."

தேவசகாயம் ஈச்சங்கழனிக் கேள்வியும் பதிலும் இருந்த புரூஃப் தாளை மடித்து எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். கால் தானாக ஜங்ஷன் பக்கம் போயிற்று. ரயில் பாதைக்குப் பின்னால்தான் மல்லாட்டை மண்டி. முன்பு மூன்று தடவை வந்திருக்கிறான். மூன்று தடவையும் வேறு எதையோ பேசிவிட்டுத் திரும்பியிருக்கிறான்.

சவுரியம்மாள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். தலை, புருவம் எல்லாம் தொலித் தூசி.

"என்னாடா, மூஞ்சி செத்துக் கெடக்குது? சோறு துன்னியா?"

"துன்னேன்க்கா. நீ வந்துடேன் என்கூட. திண்டிவனத்துல ஒரு ரூம் இருக்குது."

"அந்த ரூம்ல உன் டைப் மிஷினு படுக்கவே எடம் இருக்காது. இங்கியே ஷெட்டு ஓரமாப் படுத்துக்கறோம், நாலு பொம்பளைங்க." அவன் கையைப் பார்த்தாள். "அது என்னா காகிதம்? சபைக் காகிதமா? அங்க என்னா சொன்னாங்கன்னு நீ சொல்லவே இல்லியே."

வேறு வழியில்லை. அவன் விரித்தான்.

"என் பேரு இருக்குதா?"

"இருக்குதுக்கா."

"எங்க?"

அவள் ஆள்காட்டி விரலைப் பிடித்து அந்த எழுத்துகளின்மேல் வைத்தான். ஓடு உடைத்து உடைத்து நகம் பிளந்திருந்தது. அவள் விரலை அங்கேயே வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பக்கத்துல என்னா போட்டிருக்குது?"

"அந்த எடத்துல வசிக்கவில்லைன்னு."

"அது மெய்தான்." குரலில் குத்தல் இல்லை. அதுதான் அவனால் தாங்க முடியவில்லை. "அப்ப எங்கதான் இருக்கறா அவ? அத்த யாருனா கேட்டாங்களா?"

"கேக்கலக்கா."

"ஒருத்தருமா?"

அவன் தலையை ஆட்டினான்.

உள்ளேயிருந்து மேஸ்திரி கத்தினார். மூட்டை வந்து இறங்கிவிட்டது. சவுரியம்மாள் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். "வெயில் ஏறிடுச்சி, ரயிலைப் பாத்துப் போ," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். தேவசகாயம் வாசலிலேயே நின்று உள்ளே பார்த்தான். புகைமண்டலம் போலத் தூசி. நாற்பது பெண்கள் ஒரே மாதிரி முக்காடிட்டு, ஒரே மாதிரி குனிந்து உட்கார்ந்து உடைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் எது அக்கா என்று அவனுக்குத் தெரியவில்லை.