நீளமான பிரார்த்தனை

வாய்க்கரிசிக் கிண்ணத்தை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டுத் தாட்சாயினி விலகியபோது, தம்பி கீர்த்தனன் அவள் காதருகே குனிந்தான்.

“அக்கா, அந்த யூத ராபி வந்து நிக்கிறார். கார்ப் பார்க்கிலை. உள்ளுக்கை வரமாட்டாராம்.”

“ஆர் சொன்னது?”

“அவரேதான். வாங்கோ எண்டு கூப்பிட்டனான். இல்லை, வெளியிலேயே நிக்கிறன் எண்டார்.”

பக்கத்தில் நின்ற விமலா அன்ரி மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தபடியே, “ஏன், செத்தவீட்டுத் துடக்குப் பாக்கிறாரோ? எங்கட ஐயரே உள்ளுக்கை நிண்டு சுண்ணம் இடிச்சுச் சடங்கை முடிச்சுப்போட்டார்” என்றார்.

பின்னால் யாரோ மூச்சோடு சிரித்தார்கள். தாட்சாயினி சிரிக்கவில்லை. பெட்டிக்குள் அப்பா பட்டு வேட்டியில் கிடந்தார். மீசையின் ஒரு பக்கத்தை அதிகமாகக் கத்தரித்துவிட்டிருந்தார்கள். காலையிலிருந்து அவளால் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

முன்வரிசையில் மேயர் அமர்ந்திருந்தார். அவர் கொண்டுவந்த மலர்வளையம் பெட்டியின் காலடியில் சாய்ந்திருந்தது. வாசலில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “பிரார்த்தனை நடக்கும்போதே போய்விட்டார். அதில் ஒரு அழகு இருக்கிறது, இல்லையா?” என்று கேட்டிருந்தார். வீட்டுக்கு வந்த சொந்தபந்தங்களும் இதையேதான் தமிழில் சொன்னார்கள். குடுத்து வைச்ச மனிசன். கடவுள் பேரைக் கேட்டுக்கொண்டே போட்டுது. ஒவ்வொருவருக்கும் தேநீர் கொடுத்து, ஓம் அன்ரி, ஓம் அங்கிள் என்று தலையாட்டித் தலையாட்டி அவளுக்குக் கழுத்து வலித்தது.

அப்பா மகாதேவன் கவுன்சில் மண்டபத்தில் வேலை செய்தார். கவுன்சில் கூட்டம் ஒவ்வொன்றும் ஒரு விருந்தாளி மதகுருவின் பிரார்த்தனையோடுதான் தொடங்கும். ஒருமுறை பாதிரியார், ஒருமுறை மௌலவி, ஒருமுறை த பேசின் என்ற ஊரின் பிள்ளையார் கோயில் ஐயர். வருகிறவரை வாசலில் வரவேற்பது, மைக்கை அவர் உயரத்துக்குச் சரிசெய்வது, ஒரு கிளாஸ் தண்ணீர் வைப்பது, பிறகு பின்கதவருகே போய் நிற்பது. இது அப்பாவின் வேலை. போன செவ்வாய்க்கிழமை யூத மதகுருவான அந்த ராபியின் முறை. எல்லோரும் எழுந்து, தலை குனிந்து, கண்களை மூடிக்கொண்டார்கள். அப்பா பின்சுவரோடு சரிந்தார். பிரார்த்தனை முடிந்தது, ஆமென் சொன்னார்கள், அமர்ந்தார்கள், குப்பை வண்டிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். கழிப்பறைக்குப் போக எழுந்த ஒரு பெண்தான் அவரைக் கண்டாள்.

கவுன்சில் அனுப்பிய கடிதத்தில் ‘ஒரு கணத்தில், வேதனையின்றி’ என்று எழுதியிருந்தது.

கூட்டத்தின் வீடியோ மறுநாள் காலைவரை அவர்களுடைய இணையதளத்தில் இருந்தது. பிறகு, குடும்பத்தின் மீதுள்ள மரியாதையால் என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். குடும்பத்தை யாரும் கேட்கவில்லை. அதற்குள் அவள் அதைத் தன் கணினியில் இறக்கியிருந்தாள்.

எதையும் வரிசையாகச் செய்தால்தான் அவளுக்கு மனம் நிற்கும். முதல் தடவை அப்பாவை மட்டும் பார்த்தாள். இரண்டாம் தடவை கவுன்சிலர்களை. மூன்றாம் தடவை ராபியை. கேமரா மேயரின் நாற்காலிக்கு மேலே இருந்தது. ராபியின் பின்தலை கீழ் விளிம்பில் தெரிந்தது. அப்பா மேல்மூலையில், சின்னதாக. சுவரில் கையை ஊன்றுகிறார். முழங்கால் மடிகிறது. நிலத்தில் உட்காருகிறார். கை எதையோ பிடிக்கப் போவதுபோல எழுந்து விழுகிறது. அந்த நேரத்தில் ராபியின் தலை நிமிர்ந்து அந்தப் பக்கம் திரும்புகிறது. அப்படியே நிற்கிறது. பிறகு மறுபடியும் தாளுக்குக் குனிகிறது.

“பின்மண்டையைப் பாத்து என்னெண்டக்கா சொல்லுவாய், கண் எங்கை பாத்தது எண்டு?” என்று கீர்த்தனன் கேட்டான். அதுவும் நியாயம்தான். தான் பார்க்க விரும்பியதைத்தான் பார்க்கிறோமோ என்று சந்தேகப்பட்டு மறுபடி ஓட்டினாள். தலை மறுபடியும் நிமிர்ந்தது.

இப்போது அந்தத் தலைக்குரியவர் கார்ப் பார்க்கில் நிற்கிறார்.

“எங்கை போறாய்? இப்ப பெட்டியை மூடிப்போடுவினம்” என்றான் கீர்த்தனன்.

“வாறன்.”

ராபி ஐம்பது வயதுக்காரர், கட்டையானவர். கறுப்புத் தொப்பி, கனத்த கோட்டு. இறுதிச்சடங்கு மண்டபத்தின் கூரை முடியும் இடத்துக்கு வெளியே, வெயிலில், கால்களை ஒட்டிவைத்துக்கொண்டு நின்றார். அவளைக் கண்டதும் தொப்பியைத் தொட்டார்.

“உள்ளே வருவதில் உங்களுக்கு என்ன சிரமம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“நான் பழைய குருமார் வம்சம். இறந்தவர் இருக்கும் கூரைக்குக் கீழே நாங்கள் வரக்கூடாது. என் அப்பாவின் நண்பர்களுடைய சவ அடக்கத்துக்கும் இப்படித்தான் வெளியே நின்றேன். அவமரியாதை இல்லை. தயவுசெய்து அப்படி நினைக்க வேண்டாம்.”

அவள் கேள்விகளை ஒழுங்கு பண்ணி வைத்திருந்தாள். அன்று எத்தனை மணிக்கு வந்தீர்கள், அப்பா என்ன பேசினார், அவர் முகம் எப்படி இருந்தது. எல்லாவற்றையும் தாண்டிக் கடைசிக் கேள்வி முதலில் வந்துவிட்டது.

“நீங்கள் பார்த்தீர்கள்.”

அவர் புரியாததுபோல நடிக்கவில்லை. அதுவே அவளுக்கு இன்னும் கோபத்தை மூட்டியது.

“பார்த்தேன்.”

மண்டபத்துக்குள் யாரோ தேவாரம் தொடங்கினார்கள். ராபி கோட்டின் பொத்தான் ஒன்றைப் போட்டார், கழற்றினார்.

“போன தடவை நான் அங்கே வந்தபோது மூன்று பேர் எழுந்து நிற்க மறுத்து உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் முதுகைக் காட்டி நின்றார். அதற்கு முந்தைய வாரம் எங்கள் ஆலயச் சுவரில் யூதர்களைத் திட்டி பெயின்டால் எழுதியிருந்தார்கள். இந்தத் தடவை போகாதே என்று என் மனைவி சொன்னாள். நான் போனேன். உங்கள் அப்பா மைக்கைச் சரிசெய்தார். ஒன்றும் பேசவில்லை. கை குலுக்க நீட்டினேன். அவர் தன் இடது கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். என் கையைப் பற்றவில்லை.”

“அவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது.”

“இப்போது தெரிகிறது. அன்று வேறாக நினைத்தேன். பிறகு பிரார்த்தனையின் நடுவில் நிமிர்ந்தபோது அவர் நிலத்தில் உட்காருவதைக் கண்டேன். இவரும் எழுந்து நிற்க மறுக்கிறாரா, என்று நினைத்தேன்.”

“அப்பாவா?” அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சத்தம் அவளுக்கே பிடிக்கவில்லை. “எங்கட அப்பா ஆருக்குத்தான் எழும்பி நிக்கேல்லை? தபால்காரனுக்கும் எழும்பி நிக்கிற மனிசனடா அவர்!”

தமிழில் சொன்னாள். ராபிக்கு விளங்கவில்லை. அவள் மொழிபெயர்க்கவுமில்லை.

“இன்னும் ஒன்று இருக்கிறது” என்றார் அவர். “இதைச் சொல்லத்தான் வந்தேன். என்னிடம் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று சுருக்கமானது, அரசாங்கக் கூட்டங்களுக்கென்று வைத்திருப்பது. மற்றது முழுப் பிரார்த்தனை, எபிரேயமும் ஆங்கிலமும். சுருக்கமானதைத்தான் வாசிக்கத் தொடங்கினேன். அவர் உட்கார்ந்ததும், பயந்து ஓடுகிறேன் என்று இந்த மனிதர் நினைக்கக்கூடாது என்று தோன்றியது. நீளமானதை எடுத்தேன். வேண்டுமென்றே மெதுவாக வாசித்தேன்.”

வேறு எதையாவது அவர் சொல்லியிருக்கலாம். பார்க்கவில்லை என்று சொல்லியிருந்தால் பொய்யன் என்று திட்டிவிட்டுப் போயிருப்பாள். அழுதிருந்தால் அதையும் அருவருத்திருப்பாள். அவர் அழவில்லை. உடனே கவனித்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டபோது, சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மற்ற எல்லோரும் அவளுக்கு ஆறுதலையே சொன்னார்கள். இவர் ஒருவர் நடந்ததைச் சொல்லிவிட்டார். அதை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“அந்தத் தாள் எங்கே?”

அவர் கோட்டின் உட்பையைத் தொட்டார். “அன்று போட்டிருந்த கோட்டுத்தான். எடுத்து வைக்க மனம் வரவில்லை.”

“வாசியுங்கள்.”

“இங்கேயா?”

“வீடியோவில் பாதி கேட்கவில்லை. அப்பா கடைசியாகக் கேட்டது என்னவென்று எனக்குத் தெரிய வேண்டும். அதே மாதிரி மெதுவாக வாசியுங்கள்.”

ராபி தாளை விரித்தார். மடிப்புகளில் அது கிழியத் தொடங்கியிருந்தது. எபிரேயத்தில் ஆரம்பித்தார். இரண்டு கார்களுக்கு அப்பால் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த செந்தில்நாதன் அங்கிள் திரும்பிப் பார்த்தார், சிகரெட்டைக் கீழே போட்டு மிதித்தார். அவள் ராபியின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நல்ல குரல். அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. எபிரேயம் முடிந்து ஆங்கிலம் வந்தது. ஆட்சி செய்கிறவர்களைக் காக்கும்படியும், இந்தச் சபையில் அமர்ந்திருப்பவர்களுக்கு நல்ல ஆலோசனையைத் தரும்படியும், அவர்களுடைய இதயத்தில் இரக்கத்தை…

“அக்கா!” கீர்த்தனன் வாசலில் நின்று கத்தினான். “பெட்டி மூடப்போகினம்! ஓடி வா!”

ராபி வசனத்தின் நடுவிலேயே நிறுத்தினார். தாளைத் தாழ்த்தினார். “போங்கள். உங்களைக் கூப்பிடுகிறார்கள்.”

தாட்சாயினி அசையாமல் அவரைப் பார்த்தாள்.

“இப்போது மட்டும் நிறுத்த முடிகிறதே” என்றாள்.

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். அதை மடிக்கவில்லை.

அவள் திரும்பி நடந்தாள். கீர்த்தனன் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தான். “என்னக்கா சொன்னவர்? என்ன வாசிச்சவர்?” அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

உள்ளே தேவாரம் முடிந்திருந்தது. மேயர் உட்பட எல்லோரும் எழுந்து நின்று கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் மணியைக் கையில் அசையாமல் பிடித்திருந்தார். கறுப்புக் கோட்டு அணிந்த மண்டப ஊழியர் இருவர் பெட்டியின் மூடியை இரு பக்கமும் தூக்கிப் பிடித்தபடி அவளுக்காகக் காத்திருந்தார்கள். கனமான மரம். இளையவன் பிடியை மாற்றிக்கொண்டான்.

“கெதியா வா பிள்ளை” என்றார் விமலா அன்ரி.

அவள் நாற்காலிகளுக்கு நடுவால், ஒவ்வொரு அடியாக வைத்து, வேண்டுமென்றே மெதுவாக நடந்து போனாள்.