கடைசிப் பாட்டும் கடைசி பஸ்ஸும்

சலவைக்கடை அக்காவின் தம்பி ஒரு இசைக்குழுவில் ட்ரம்பெட் வாசிக்கிறான். மற்றவர்கள் வேர்க்க விறுவிறுக்க வாசித்துக்கொண்டிருக்க, இவன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கடைசிப் பாட்டில்தான் இந்தத் துரைக்கு வேலை.

வினை அங்கேதான். கச்சேரி நடப்பது ஒரு கிராமத்தில், வயல்களுக்கு நடுவே மராமத்து செய்து மேடை போட்ட பழைய தானியக் கிடங்கில். அங்கிருந்து டவுனுக்குத் திரும்ப இருப்பதோ ஒரே ஒரு மினி பஸ். கடைசிப் பாட்டு ஆரம்பிக்கும்போது அதுவும் கிளம்பிவிடும். ஒவ்வொரு முறையும் அக்கா எழுந்து ஓடுவாள். பலகைத் தரை கிரீச்சென்று ஊரைக் கூட்டும். அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள், மேடையில் இருக்கும் தம்பி உட்பட.

இந்த முறை அவனே போன் பண்ணிவிட்டான். "நீ வராதக்கா. நான் ட்ரம்பெட்டை எடுக்கிற நேரம் உன் முதுகுதான் தெரியுது. அதைப் பார்த்துட்டு ஊத முடியல."

போனால் கடைசிவரை உட்கார வேண்டும், இல்லையென்றால் போகவே கூடாது என்று அக்கா முடிவு செய்தாள்.

சட்டைகளை இஸ்திரிக்குக் கொண்டுவந்த மினி பஸ் டிரைவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, வர்ற சனிக்கிழமை ஒரு அரைமணி நேரம் லேட்டா எடுங்களேன். பஸ் உங்க சொந்த பஸ்தானே?"

"பஸ் என்னுதும்மா. நேரம்தான் என்னுது இல்ல."

"பின்ன யாருது?"

"என் வீட்டுக்காரியோடது. நான் போய் உட்காராம அவ சோத்துல கை வைக்க மாட்டா. கொஞ்சம் லேட்டானாலும் ரோட்டுக்கு வந்து நிப்பா."

"அந்த ட்ரிப்ல யாருதான் ஏறுறாங்க?"

"நீ ஏறுற. கச்சேரியிலேர்ந்து இன்னும் ரெண்டு பேர் ஓடி வருவாங்க. அவ்வளவுதான்."

அக்கா ஒரு சட்டையை விரித்து இஸ்திரி போட ஆரம்பித்தாள். அவள் பேசாமல் இஸ்திரி போட்டால் எதற்கோ அடிபோடுகிறாள் என்று அர்த்தம்.

மறுநாள் டிரைவரின் மனைவி சலவைக்குப் போட்ட போர்வைகளை வாங்க வந்தபோது, அக்கா அவற்றின் மேலே ஒரு கச்சேரி டிக்கெட்டையும் வைத்துக் கொடுத்தாள்.

"எனக்கா? ஊரையே ஏத்தி இறக்குறாரு, என்னை அந்த பஸ்ல ஒரு தடவ ஏத்தினதில்ல" என்றாள் அவள். பிறகு முகம் வாடியது. "அவரு சாப்பாடு?"

"கட்டி எடுத்துட்டு வந்துடுங்க அண்ணி."

சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டுக் கூடையோடு பஸ்ஸில் ஏறிய மனைவியைப் பார்த்து டிரைவருக்குக் கண் பிதுங்கியது.

"நீ எங்க?"

"கச்சேரிக்கு. முடிஞ்சப்புறம்தான் வருவேன்."

"நான் நேரத்துக்கு எடுத்துடுவேன், சொல்லிட்டேன்."

"எடுத்துட்டுப் போங்களேன். வீடு பூட்டியிருக்கு."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பை அடக்குவது பெரும்பாடாக இருந்தது.

முணுமுணுத்தபடியே டிரைவரும் கிடங்குக்குள் வந்து, கதவோரம் சாவியைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்தார். அரை மனதாகத்தான் உட்கார்ந்தார். ஆனால் மூன்றாவது பாட்டில் அவர் கால் தாளம் போட்டதை அக்கா பார்த்துவிட்டாள்.

கடைசிப் பாட்டு வந்தது. பழக்க தோஷத்தில், பஸ்ஸுக்கு ஓடும் அந்த இரண்டு பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள்.

"உட்காருங்க" என்றார் டிரைவர். "வண்டி எங்கயும் போகாது."

மேடையில் தம்பி தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அக்கா எழுந்து ஓடி, தரை கிரீச்சிடக் காத்திருந்தான் போலும். அந்தச் சத்தம் வரவில்லை. மெல்ல நிமிர்ந்து பார்த்தான். அக்கா முகம் தெரிந்தது.

ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தான். எடுத்தான். மறுபடி வைத்தான். சிரிக்கிற வாயால் ட்ரம்பெட் ஊத முடியாது. குழு மொத்தமும் அவனுக்காகக் காத்திருந்தது.

அக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. தன்னை மறந்து, "ஊதுடா" என்றாள்.

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தாள்.