ஜட்ஜம்மா முன்னிலையில்

மாமனாரின் டெஸ்டரால் கிண்ணத்தின் விளிம்பில் மூன்று தட்டு தட்டினாள் மருமகள். டக், டக், டக். கோழி தலையைக்கூடத் திருப்பவில்லை.

வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றுவிட்டது. மாமனாரை ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. இவளோ கொல்லைப்புறத்தில் மண்ணில் முழங்காலிட்டு ஒரு குருட்டுக் கோழியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி! எல்லாரும் அங்க தேடுறாங்க, நீங்க இங்க என்ன பண்றீங்க?" கதவருகே நாத்தனார். ஒன்றரை நாள் ரயிலில் வந்த களைப்பும் அழுத களைப்பும் சேர்ந்து, அவள் முகம் நனைத்துப் பிழியாமல் விட்ட துணி மாதிரி இருந்தது.

"மூணு நாளா ஒரு மணிகூடச் சாப்பிடல இது."

"நீங்க சாப்பிட்டீங்களா?"

மருமகளுக்கு ஞாபகம் வரவில்லை.

டெஸ்டர் அன்று காலைதான் கைக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதப் பையை நாத்தனார் பிரித்து, அவர் சட்டைப் பையில் இருந்தவற்றை மேசைமேல் பரப்பினாள். மூக்குக் கண்ணாடி, டெஸ்டர், கத்தரித்தெடுத்த காலி மாத்திரை அட்டை ஒன்று. டெஸ்டரைக் கண்டதும் அதை மட்டும் பறித்துக்கொண்டு இவள் கொல்லைக்கு ஓடிவந்தாள். அதைத் தட்டித்தானே அவர் தினமும் தீனி வைப்பார்! இந்தச் சத்தத்துக்குத்தான் கோழி ஏங்குகிறது என்று நினைத்தாள். ஏங்கவில்லை.

நாற்பது வருஷம் ஊரையே மேலே அனுப்பிக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக் அவர். ஓய்வு பெறுவதற்கு முன் கடைசியாகப் பழுது பார்த்தது ஒரு முட்டைப் பண்ணையின் சரக்கு லிஃப்ட். அங்கே தூக்கிப் போட வைத்திருந்த கூடையிலிருந்து மூன்று குஞ்சுகளைத் தன் ஸ்பேனர் பையில் போட்டுக் கடத்திக்கொண்டு வந்துவிட்டார். ஒன்றுக்கு ஒரு கால் கிழக்கே போனால் மறுகால் மேற்கே போகும். அதற்கு டான்ஸ் டீச்சர் என்று பெயர். தன் பழைய பேன்ட்டை வெட்டித் தூளி தைத்து அதில் உட்கார வைத்தார். இன்னொன்றுக்கு மேல் அலகு ஆமாம் என்றால் கீழ் அலகு இல்லை என்னும். அது வக்கீல். வாரா வாரம் அதன் அலகை நகம் தேய்க்கும் அரத்தால் ராவி, தவிட்டைக் கூழாகக் கரைத்து, ஆழமான டம்ளரில் வைப்பார். மூன்றாவது பிறவிக் குருடு. அதுதான் ஜட்ஜம்மா. அதன் கிண்ணத்தை ஒரு விரல்கடை நகர்த்தினாலும் வீட்டில் பூகம்பம்தான்.

ஒரு வாரம் தாங்காது என்றார் கால்நடை டாக்டர். ஆறு வருஷம் ஓடிவிட்டது. டாக்டருக்குத்தான் முடி கொட்டி, பல் ஆடி, காதும் மந்தமானது.

குஞ்சுகள் வந்த அன்று மருமகள் வேலை முடிந்து வீடு திரும்பியிருந்தாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இஸ்திரி வேலை. அவள் இதுவரை தேய்த்த படுக்கை விரிப்புகளை அடுக்கினால் நிலாவுக்கு ஏறிப் போகலாம். குஞ்சுகளைப் பார்த்ததும், "வேலைக்கு ஆகாததை எல்லாம் வச்சுப் பாக்க இது என்ன ஆஸ்பத்திரியா?" என்று கத்திவிட்டாள். கோழியைத்தான் சொன்னாள். அவர் ஓய்வு பெற அன்றைக்கு நாலே நாள்தான் பாக்கி. தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். விளக்கம் சொல்லலாம் என்று போனாள், கதவு சாத்தியிருந்தது. மறுநாள் சொல்லலாம் என்று விட்டாள். அப்படியே ஆறு வருஷம் அவர்களுக்குள் நேருக்கு நேர் ஒரு வார்த்தை இல்லை.

ஆனால் வீடு நடக்க வேண்டுமே! காலையில் அவள் வேலைக்குக் கிளம்பும் முன்பும், சாயங்காலம் திரும்பியதும், ஜட்ஜம்மாவுக்குத் தீனி வைக்கும் நேரத்தில் கோர்ட் கூடும்.

"ஜட்ஜம்மா, டீயில சக்கரை போட இந்த வீட்ல யாருக்கும் கை வராதான்னு கேளுங்க." ஸ்டூலில் உட்கார்ந்தபடி அவர்.

"ஜட்ஜம்மா, சுகர் முன்னூறு இருக்கறவங்களுக்கு இதுவே ஜாஸ்தின்னு சொல்லுங்க." துணி காயப் போட்டபடி அவள்.

தெரு முழுக்கச் சிரிக்கும். அவள் புருஷன் டாக்ஸியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவான்.

கடைசிக் காலையிலும் கோர்ட் கூடியது. அன்றைக்குப் பேசியது என்னவென்று அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மற்ற இரண்டு கோழிகளும் வழக்கம்போலத் தின்றன; ஜட்ஜம்மாவுக்கு மட்டும் மூன்று நாளாகக் கஞ்சித் தண்ணியைச் சொட்டுச் சொட்டாக வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கால்நடை டாக்டரிடம் போனில் கேட்டாகிவிட்டது. "சொட்டு மருந்தாட்டம் எத்தனை நாள் ஊத்துவீங்க? சாயங்காலத்துக்குள்ள தானா கொத்தலைன்னா கொண்டு வந்துடுங்கம்மா. வலிக்காம தூங்க வச்சிடலாம்." அதைக் கேட்டதும் நாத்தனார் ஒரு அட்டைப் பெட்டியைத் தேடியெடுத்து, மூச்சு விட ஓட்டையும் போட்டு வைத்துவிட்டாள்.

வண்டி போனது. எல்லாம் முடிந்து வந்தார்கள். வந்தவர்கள் டீ குடித்துவிட்டு, அவர் எவ்வளவு நல்லவர் என்று ஆளுக்கொரு பொய் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள்.

சாயங்காலம் கொல்லைக்கு வந்தவள் காலை நீட்டி உட்கார்ந்தாள். எலும்பெல்லாம் கழன்று தனித்தனியாகக் கிடப்பது போலிருந்தது. அலுப்பில், வாய் தானாகவே புலம்பியது.

"ஜட்ஜம்மா, வந்தவங்க குடிச்ச டம்ளரை ஜன்னல்ல, மாடிப்படியில, டிவி மேல எல்லாம் வச்சிட்டுப் போயிருக்காங்க. என்னன்னு கேளுங்க."

கோழியின் கழுத்து விருட்டென்று நிமிர்ந்தது. ஸ்டூல் இருந்த பக்கம் தலையைச் சாய்த்துக் காத்திருந்தது. ஸ்டூல் காலி.

மருமகள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். குரலைக் கரகரப்பாக்கினாள். "ஜட்ஜம்மா, கை இருக்கறவங்க கழுவி வைப்பாங்கன்னு சொல்லுங்க."

டக். ஒரு மணி உள்ளே போயிற்று.

நிறுத்தினால் கோழியும் நிறுத்தியது. ஆகவே ஆறு வருஷத்து வழக்குகளைத் தூசி தட்டி எடுத்தாள். சக்கரை வழக்கு, ஃபேன் வழக்கு, அவர் படிக்கும் முன்பே பேப்பர் ஓரமெல்லாம் பால் கணக்கு எழுதிய வழக்கு, குளியலறைக் குழாய் வழக்கு. இரண்டு கட்சியும் அவளே. தொண்டை வறண்டது. கிண்ணத்தில் இன்னும் பாதி இருந்தது. வழக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சம்.

கோழி காத்திருந்தது.

"ஜட்ஜம்மா," என்றாள் அவர் குரலில், "நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னு சொல்லுங்க."

பின்னால் காலடிச் சத்தம். பெட்டியோடு நாத்தனார். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. வந்து அப்பாவின் ஸ்டூலில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா அப்படிச் சொன்னாரா அண்ணி?"

மருமகள் தலையை மட்டும் அசைத்தாள்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அலமாரியில கேஸ் மாத்திரை இருக்குன்னு சொல்லுங்கன்னேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு. மத்தியானம் ஹார்ட் அட்டாக்னு போன் வந்துச்சு."

டக். டக். ஸ்டூல் பக்கம் ஒரு குரல், தரைப் பக்கம் ஒரு குரல். இரு தரப்பும் ஆஜர் என்று ஜட்ஜம்மா கொத்திக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் பெட்டியின் ஓட்டையில் விரலை விடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். பிறகு, அண்ணியைப் பார்க்காமல் கோழியைப் பார்த்துச் சொன்னாள்.

"ஜட்ஜம்மா, காலையில மேசை மேல வச்சேனே ஒரு மாத்திரை அட்டை, அது கேஸ் மாத்திரைதான்னு சொல்லுங்க. காலியாத்தான் இருந்துச்சு. அண்ணி சொன்னபடியே போட்டுக்கிட்டாருன்னு சொல்லுங்க."

கோழி மருமகள் பக்கம் தலையைச் சாய்த்தது. நாத்தனாரும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருமகள் கிண்ணத்துக்கு வெளியே சிந்திக் கிடந்த மணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே போட்டாள். ஒவ்வொன்று விழும்போதும் ஜட்ஜம்மா குனிந்தாள்.