மேட்டுத் தொட்டிக்குள் ராதாமணி

இடித்த கட்டடக் கல்லைக் கொட்ட வந்த லாரி மேட்டில் நின்றுவிட்டது. எதிரே ராதாமணி வழியை மறித்து நின்றாள். அவளைச் சுற்றி அவளுடைய ஆடுகள்.

"ஒரு தடவ உள்ள எறங்கிப் பாத்துட்டு மூடுங்க மேடம்."

லாரியோடு வந்திருந்த நகராட்சி என்ஜினீயரிடம் சொன்னாள். சொல்லிவிட்டு நகரவில்லை.

அந்த மேட்டுக்கு அடியில் இருந்தது, கோவில்பட்டிக்கு முதன்முதலில் குழாய்த் தண்ணீர் கொடுத்த நிலத்தடித் தொட்டி. இப்போது வெளியே தெரிவது ஓர் இரும்பு மூடிதான். விரிசல் விட்டதென்று எப்போதோ கைவிட்டது. இன்று தூர்த்துவிட்டால் மேலே வண்டி நிறுத்தலாம். ராதாமணியின் தெருவிலோ, பங்குனி பிறந்ததிலிருந்து குடங்கள் காலியாகக் கிடந்தன.

"தண்ணி நிக்காதுன்னு ரிப்போர்ட் இருக்குக்கா," என்றாள் என்ஜினீயர் சத்யபிரியா. "நிக்கும்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"ஆடுகதான். தெனமும் இந்த மூடி இடுக்குல மூக்க வச்சா நகர மாட்டேங்குதுக."

லாரி டிரைவர் கொம்பையா சிரித்தார். "எழுதிக்கிடுங்க மேடம். கெடா கையெழுத்துப் போடும்."

சத்யபிரியாவுக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் மூடியைத் திறக்கச் சொன்னாள். "நல்லாருந்தா மழத்தண்ணியச் சேத்து வைக்கலாம். பாத்துருவோம்."

கொம்பையா ஒரு டப்பாவில் மெழுகுவத்தியை நிறுத்திக் கயிற்றில் இறக்கினார். பாதியிலேயே அணைந்தது. அவர் சிரிப்பும் போயிற்று.

"காத்து கெட்டுக் கெடக்கு. ஆள் எறங்குனா பொணந்தான்."

"அப்ப வேண்டாம்க்கா. மூடிருவோம்."

ராதாமணி ஆடுகளுக்கென்று ஒடித்து வைத்திருந்த வேப்பங்குழையைக் கட்டாகக் கயிற்றில் கட்டினாள். கிணற்றில் வாளி விடுவதுபோல் உள்ளே விட்டாள், இழுத்தாள், மறுபடி விட்டாள். குழை இறங்கும்போது நல்ல காற்று உள்ளே போயிற்று, ஏறும்போது கெட்ட காற்று வெளியே வந்தது. தன் தீனி குழிக்குள் போவதைப் பார்த்து ஒரு வெள்ளாடு கத்தியது. மறுபடி மெழுகுவத்தியை விட்டுப் பார்த்தார்கள். அணைந்தது. உள்ளங்கை தோலுரிந்தும் அவள் கயிற்றை விடவில்லை.

"கை கழண்டுரும் தாயி. இங்கன கொண்டா," என்று கொம்பையா கயிற்றை வாங்கிக்கொண்டார். "ஒன் ஆட்டால எனக்கு ஒரு லோடு நட போச்சு."

வெயில் சாய்கையில் மெழுகுவத்தி கடைசிப் படி ஆழம்வரை போய் நின்று எரிந்தது. ராதாமணி இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டாள்.

"நானும் வாரேன்," என்றாள் சத்யபிரியா.

"மேல நில்லுங்க. இழுக்க ஆள் வேணும்லா."

இரும்புப் படிகள் துருவேறிக் கிடந்தன. டார்ச் வெளிச்சத்தில் வளைவுகளைத் தாங்கிய தூண்கள் வரிசையாய்த் தெரிந்தன. மண்ணுக்குள் ஒரு வீடு மாதிரி இருந்தது. கடைசிப் படியிலிருந்து காலைக் கீழே வைத்தவள் அப்படியே நின்றாள்.

"என்னக்கா இருக்கு?"

அவள் ஏறி வந்தாள். சேலை முழங்கால்வரை நனைந்து சொட்டியது. ஆடுகள் முண்டியடித்து வந்து அதை நக்கின.

"கார்த்திகைக்கு அப்புறம் மழையே இல்லியே," என்றாள் சத்யபிரியா. மூடி இடுக்கு வழியே இறங்கிய மழை இன்னும் அங்கேயே நின்றது.

கொம்பையா லாரியில் ஏறினார். "இந்தக் கல்ல எங்கன தட்ட?"

"எங்கயும் தட்டுங்க, இங்க வேண்டாம்." சத்யபிரியா ராதாமணியிடம் திரும்பினாள். "நாளைக்கு நான் எறங்கணும். குழை கொண்டு வாங்கக்கா."

"வாரேன்," என்றாள் ராதாமணி. "மொதல்ல இதுகளுக்கு வேற ஒடிக்கணும்."