லாட்ஜுக்குப் போன புள்ளி

"லாட்ஜுல எவன்கூடடி இருக்கே? சொல்லு!"

என் மணிக்கட்டை முறுக்கிப் பிடித்திருந்தான். முழங்கை வரை சோப்பு நுரையோடு, சலவைக்கூடத்தில் அவன் கண்ணெதிரே நின்றுகொண்டு, நான் லாட்ஜில் இல்லை என்று சத்தியம் செய்துகொண்டிருந்தேன். அவனோ தன் போனில் தெரிந்த நீலப் புள்ளியையே முறைத்தான். என் போன் இருக்கும் இடம் அது. நனைந்துவிடக் கூடாதே என்று காலையில் அதை, லாட்ஜுக்காக வெளுத்து மடித்த விரிப்புகளுக்கு நடுவில் செருகி வைத்திருந்தேன். மூட்டையோடு மூட்டையாக வேனில் ஏறி லாட்ஜுக்குப் போய்விட்டது.

இஸ்திரி போடும் அக்கா சூடான பெட்டியோடு வந்தாள்.

"தம்பி, ஆளே முன்னாடி நிக்கிறா. நீ என்னத்தப் பாக்குறே?"

"அவ போன் அங்க இருக்குல்ல?"

"அப்ப அங்க போய் போனையே லவ் பண்ணு. இவ கைய விடு."

பெட்டி இன்னும் கொஞ்சம் கிட்டே வந்ததும் விட்டான். "நாளைக்கு கேட்ல நிப்பேன்" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அக்கா என் கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டினாள்.

"இவன் உன் ஆளா, கொரியர் கம்பெனியா? பார்சல் எங்க இருக்குன்னு நிமிஷத்துக்கு நிமிஷம் பாக்குறான்!"

சிரித்துவிட்டேன். கூடவே அழுகையும் வந்தது.

"அது அக்கறைக்கா."

அம்மா போனதும் சொந்தக்காரர் வீடு வீடாக மாறி, கடைசியில் பெண்கள் இல்லத்தில் வந்து விழுந்தவள் நான். எங்கேயும் நான் தாமதமாக வந்ததை யாரும் கவனித்ததில்லை. 'எங்க இருக்கே, சாப்பிட்டியா' என்று முதலில் கேட்டவன் அவன்தான்.

"உன் ஃப்ரெண்டு ஒருத்தி வருவாளே, எங்க காணோம்?"

"அவகூட பேசினா அவனுக்குப் பிடிக்காது."

"துரைக்கு வேற என்னென்ன பிடிக்காதாம்?"

"கோபம் வந்தா கை நீட்டுவான். அப்புறம் அவனே அழுவான். எங்கப்பாவும் அப்படித்தான்கா."

சொன்ன பிறகுதான் அது என் காதிலேயே விழுந்தது. அதற்கு மட்டும் அக்கா கிண்டல் செய்யவில்லை. "வார்டன்கிட்ட சொல்லும்மா" என்றாள்.

சொன்னால் வார்டன் என்னை வேலைக்கு விடமாட்டார். சொல்லாவிட்டால் நாளைக்கு அவன் கேட்டில் நிற்பான். இப்போது ராத்திரி; பேசக் கூடாது என்று அவன் சொன்ன தோழி இல்லத்தில் என் பக்கத்துக் கட்டிலில் லாரி ஏற்றம் ஏறுவதுபோல் குறட்டை விடுகிறாள். எனக்குத் தூக்கமே வரவில்லை. கை வீங்கியிருக்கிறது. பயம் வந்தால் நான் கூப்பிடுவது எப்போதும் அவனைத்தான். அவனைக் கண்டே பயம் வந்தால் யாரைக் கூப்பிடுவது?